மொராக்கோவில் உருவாகும் 1.15 லட்சம் இருக்கைகள்: உலகின் மிகப்பெரிய கால்பந்து அரங்கமும் அது எழுப்பும் கேள்விகளும்

மொராக்கோவின் வணிகத் தலைநகரான காசாபிளாங்காவிலிருந்து 38 கிலோமீட்டர் தொலைவில், பென்ஸ்லிமான் மாகாணத்தின் அல் மன்சூரியா பகுதியில், 100 ஹெக்டேர் வனப்பகுதி நிலத்தில் ஒரு கால்பந்து அரங்கத்தை அந்நாடு உருவாக்கி வருகிறது. இதன் பெயர் 'இரண்டாம் ஹசன் பேரரங்கம்'. 1961 முதல் 1999 வரை ஆட்சி செய்த மன்னரின் நினைவாக இப்பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவருடைய மகனான ஆறாம் முகமது இப்போதைய மன்னர். அரங்கத்தின் கொள்ளளவு 1,15,000. திட்டமிட்டபடி கட்டி முடிக்கப்பட்டால், கால்பந்துக்கென அமைந்த அரங்கங்களில் உலகிலேயே மிகப்பெரியது இதுவாகவே இருக்கும்.

ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய நாடுகளுடன் இணைந்து 2030 உலகக் கோப்பை கால்பந்துத் தொடரை மொராக்கோ நடத்துகிறது. அத்தொடருக்காகவே இந்த அரங்கம் கட்டப்படுகிறது. 2027 டிசம்பருக்குள் பணிகளை முடிப்பது அரசின் இலக்கு.

கொள்ளளவில் தற்போது முதலிடத்தில் இருப்பதாகக் கூறப்படுவது வடகொரியத் தலைநகர் பியாங்யாங்கில் 1989-இல் திறக்கப்பட்ட மே தின அரங்கம். அதன் அதிகாரபூர்வக் கொள்ளளவு 1,14,000. அகமதாபாத்தில் உள்ள நரேந்திர மோடி அரங்கத்தில் 1,32,000 பேர் அமரலாம் என்றாலும் அது கிரிக்கெட் மைதானம். அகமதாபாத் அரங்கத்தை வடிவமைத்த பாப்புலஸ் நிறுவனமே மொராக்கோ அரங்கத்தின் வடிவமைப்பிலும் பங்கேற்றுள்ளது.

ஐந்து முறை கைநழுவிய வாய்ப்பு

இந்த அரங்கத்தின் அளவைப் புரிந்துகொள்ள மொராக்கோவின் முந்தைய தோல்விகளை அறிந்துகொள்வது அவசியம். உலகக் கோப்பையை நடத்தும் உரிமையை அந்நாடு ஐந்து முறை கோரியது. ஐந்து முறையும் கிடைக்கவில்லை. 1994 தொடருக்கான வாக்கெடுப்பில் அமெரிக்கா 10 வாக்குகளும் மொராக்கோ 7 வாக்குகளும் பெற்றன. 1998 தொடரை 12-7 என்ற கணக்கில் பிரான்ஸ் வென்றது. 2006 தொடருக்கான போட்டியில் முதல் சுற்றிலேயே மொராக்கோ வெளியேறியது. ஆப்பிரிக்கக் கண்டத்துக்கென ஒதுக்கப்பட்ட 2010 தொடரை 14-10 என்ற வாக்குகளில் தென்னாப்பிரிக்காவிடம் இழந்தது.

ஐந்தாவது தோல்வி மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. 2026 தொடருக்காக அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகள் கூட்டாக விண்ணப்பித்தன. மொராக்கோ தனித்து நின்றது. வாக்கெடுப்புக்கு முன் சர்வதேசக் கால்பந்து சம்மேளனமான ஃபிஃபாவின் மதிப்பீட்டுக் குழு இரு விண்ணப்பங்களுக்கும் மதிப்பெண் வழங்கியது. வட அமெரிக்க நாடுகளுக்கு ஐந்துக்கு 4.0 கிடைக்க, மொராக்கோவுக்கு 2.7 மட்டுமே கிடைத்தது. அரங்கங்கள், தங்குமிடங்கள், போக்குவரத்து ஆகிய மூன்றிலும் அந்நாட்டின் திட்டம் 'அதிக இடர்' கொண்டது என்று குழு குறிப்பிட்டது. முன்மொழியப்பட்ட 14 அரங்கங்களில் 9 அரங்கங்கள் புதிதாகக் கட்டப்பட வேண்டியவை. காசாபிளாங்காவுக்கென அறிவிக்கப்பட்ட 93,000 இருக்கைகள் கொண்ட அரங்கமும் அவற்றுள் ஒன்று. 2018 ஜூன் 13 அன்று மாஸ்கோவில் நடைபெற்ற வாக்கெடுப்பில் 134-65 என்ற கணக்கில் மொராக்கோ தோற்றது.

காகிதத்தில் இருந்த அரங்கத்தால் தோற்ற நாடு, அதைவிடப் பெரிய அரங்கத்தைக் கட்ட முனைந்தது வியப்புக்குரியதன்று. 2022-இல் கத்தாரில் அரையிறுதிக்கு முன்னேறிய முதல் ஆப்பிரிக்க அணி என்ற பெருமையை மொராக்கோ பெற்றது. அதையடுத்து 2023 மார்ச் மாதம், ஸ்பெயின், போர்ச்சுகலுடன் தன் நாடும் இணைவதாக மன்னர் ஆறாம் முகமது அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று இந்த மூன்று நாடுகளின் விண்ணப்பத்தை ஃபிஃபா ஏற்றது. 2024 டிசம்பர் 11 அன்று முறையான ஒப்புதல் கிடைத்தது. இம்முறை விண்ணப்பத்துக்குக் கிடைத்த மதிப்பெண் 4.2.

கூடாரமே கூரையாக

2024 மார்ச் மாதம் வடிவமைப்பு வெளியிடப்பட்டது. தாரிக் வலாலு, லின்னா சோய் ஆகியோரின் கட்டடக்கலை நிறுவனமும் பாப்புலஸும் இணைந்து இதை உருவாக்கியுள்ளன. மொராக்கோவின் ஊர்ப்புறங்களில் ஆண்டுதோறும் 'மூசெம்' எனப்படும் பெருந்திருவிழாக்கள் நடைபெறுவது வழக்கம். புனிதர் ஒருவரின் நினைவை ஒட்டியோ அறுவடையை ஒட்டியோ பல குலத்தவரும் திரளும் அத்திருவிழாக்களில், வெட்டவெளியில் பெருங்கூடாரங்கள் வரிசையாக அமைக்கப்படும். அந்தக் கூடாரமே அரங்கத்தின் மேற்கூரைக்கு மூல வடிவம். அலுமினியப் பின்னலால் ஆன, ஒளி ஊடுருவும் ஒரே கூரை அரங்கத்தையும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களையும் சேர்த்து மூடும். 32 பெரும் படிக்கட்டுகள் பார்வையாளர்களை உயர்தளத் தோட்டங்களுக்கும் அங்கிருந்து இருக்கைகளுக்கும் அழைத்துச் செல்லும்.

இத்தகைய அரங்கங்களில் வடிவமைப்பாளர் எதிர்கொள்ளும் முதன்மைச் சிக்கல் அழகு அல்ல, தொலைவு. கால்பந்து ஆடுகளத்தின் நீளம் 105 மீட்டர், அகலம் 68 மீட்டர். அதைச் சுற்றி இருக்கைகளைக் கூட்டக் கூட்டக் கடைசி வரிசை பின்னோக்கி நகர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் பந்தே கண்ணுக்குப் புலப்படாது. தடகள ஓடுபாதை கொண்ட பழைய பெருமைதானங்களின் குறை இதுவே. ஓடுபாதையைத் தவிர்த்து, மாடங்களைச் செங்குத்தாக அடுக்குவதே இதற்கான தீர்வு. மொராக்கோ அரங்கத்தில் இரு கோல் கம்பங்களுக்குப் பின்னாலும் மூன்று செங்குத்தான அடுக்குகளில் தலா 29,500 ரசிகர்கள் அமர்வர். ஐரோப்பாவில் பெயர்பெற்ற டார்ட்மண்ட் அணியின் 'மஞ்சள் சுவர்' மாடத்தில் சுமார் 25,000 பேர் நின்றபடி ஆட்டம் பார்க்கின்றனர் என்பதோடு ஒப்பிட்டால் இதன் அளவு விளங்கும். பக்கவாட்டு மாடங்களில் ஐந்து அடுக்குகளில் விருந்தினர்களுக்கான 12,000 இருக்கைகள் அமைகின்றன.

கொள்ளளவு எண்களை எப்போதும் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். 1950 உலகக் கோப்பைக்காக ரியோ டி ஜெனிரோவில் கட்டப்பட்ட மரக்கானாவில், பிரேசில்-உருகுவே ஆட்டத்தைக் காண ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் திரண்டனர். அதே மரக்கானாவில் இன்று உள்ள இருக்கைகள் சுமார் 78,000 மட்டுமே. கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தின் கதையும் இத்தகையதே. 1997 ஜூலை 13 அன்று ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் அணிகள் மோதிய பெடரேஷன் கோப்பை அரையிறுதியில், பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல்கள் அடித்ததை நேரில் கண்டவர்கள் 1,31,000-க்கும் அதிகம். தனித்தனி இருக்கைகள் பொருத்தப்பட்ட பின் அதன் கொள்ளளவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அன்றைய எண்கள் நெருக்கியடித்து நின்ற கூட்டத்தின் எண்கள். மொராக்கோ சொல்லும் 1,15,000 என்பது ஒவ்வொருவருக்கும் தனி இருக்கை என்ற இன்றைய விதியின்படி கணக்கிட்டது. இந்த அளவில் அத்தகைய கால்பந்து அரங்கத்தை எந்த உலகக் கோப்பையும் இதுவரை கண்டதில்லை.

செலவும் பயண வசதியும்

அரங்கத்துக்கென மதிப்பிடப்பட்ட செலவு 500 கோடி திர்ஹாம். இந்திய மதிப்பில் ஏறக்குறைய ரூ.4,500 கோடி. இதன் முதன்மைக் கட்டுமானப் பணி 320 கோடி திர்ஹாம் மதிப்பில் எஸ்ஜிடிஎம், டிஜிசிசி என்ற இரு உள்நாட்டு நிறுவனங்களின் கூட்டமைப்புக்கு வழங்கப்பட்டது. வெளிநாட்டுப் பெருநிறுவனங்களை நாடாமல் உள்நாட்டு நிறுவனங்களிடமே பணி ஒப்படைக்கப்பட்டதை மொராக்கோ அரசு பெருமையாகக் கருதுகிறது. ரபாத், டாஞ்சியர், மராகேஷ், அகாதிர், ஃபெஸ் உள்ளிட்ட நகரங்களில் இருக்கும் அரங்கங்களை மேம்படுத்த ஒதுக்கப்பட்ட 950 கோடி திர்ஹாம் இதில் சேராது.

இவற்றைவிடப் பெரிய தொகை ரயில் பாதைக்குச் செல்கிறது. டாஞ்சியர், காசாபிளாங்கா நகரங்களுக்கிடையே 2018 முதல் இயங்கும் 'அல் புராக்' ஆப்பிரிக்காவின் முதல் அதிவேக ரயில் ஆகும். இப்பாதையைக் கெனித்ராவிலிருந்து மராகேஷ் வரை 430 கிலோமீட்டருக்கு நீட்டிக்கும் பணியை 2025 ஏப்ரலில் மன்னர் தொடங்கிவைத்தார். புதிய அரங்கத்தை ஒட்டி ஒரு நிலையம் அமைப்பதும் இத்திட்டத்தில் அடங்கும். பாதைகளுக்கும் ரயில்களுக்குமாகச் சேர்த்து அறிவிக்கப்பட்ட மொத்தத் தொகை 9,600 கோடி திர்ஹாம். ரயிலோடு ஒப்பிட்டால் அரங்கம் இருபதில் ஒரு பங்குச் செலவே.

நகருக்கு வெளியே அரங்கம் கட்டுவோருக்கு ரயில் இன்றியமையாதது. ஆனால் அதிவேக ரயிலால் மட்டும் இக்கூட்டத்தைச் சமாளிக்க முடியாது. அல் புராக் தொடர் ஒன்றில் 533 இருக்கைகள் உள்ளன. இரு தொடர்களை இணைத்து இயக்கினாலும், 1,15,000 பேரை வீடு சேர்க்க நூற்றுக்கும் மேற்பட்ட நடைகள் வேண்டும். எனவே பெரும்பாலானோரைச் சுமக்கப்போவது சாதாரண ரயில்களும் பேருந்துகளுமே. வாங்கத் திட்டமிடப்பட்ட 168 புதிய ரயில் தொடர்களில் 18 மட்டுமே அதிவேக வகையைச் சேர்ந்தவை. 110 தொடர்கள் பெருநகர, புறநகர் அன்றாடப் பயணத்துக்கானவை. உலகக் கோப்பை முடிந்த பின்னும் காசாபிளாங்கா, ரபாத் மக்களுக்குத் தினமும் பயன்படப்போவது இவைதாம்.

தெருவில் ஒலித்த கேள்வி

2025 செப்டம்பர் 4 அன்று ரபாத்தில் இளவரசர் மௌலே அப்தல்லா அரங்கம் திறக்கப்பட்டது. பழைய அரங்கத்தை இடித்துவிட்டு, 68,700 இருக்கைகளுடன் சுமார் இரண்டே ஆண்டுகளில் அது மீண்டும் எழுப்பப்பட்டிருந்தது. திறப்பு விழா ஆட்டத்தில் நைஜரை 5-0 என வென்ற மொராக்கோ, 2026 உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்றது. நாடே கொண்டாடிய இரவு அது.

மூன்றே வாரங்களில் அந்நாட்டு நகரங்களின் வீதிகளில் வேறு குரல் எழுந்தது. அகாதிர் நகர அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை மூலம் மகப்பேறு கண்ட எட்டுப் பெண்கள் குறுகிய காலத்துக்குள் உயிரிழந்த செய்தி மக்களைக் கொதிப்படையச் செய்தது. அந்த மருத்துவமனையும் இரண்டாம் ஹசனின் பெயரையே தாங்கியது. 'ஜென்-இசட் 212' என்ற பெயரில் இணையத்தில் ஒன்றுகூடிய இளைஞர்கள் செப்டம்பர் 27 முதல் போராட்டத்தில் இறங்கினர். 212 என்பது மொராக்கோவின் தொலைபேசிக் குறியீட்டு எண். அரங்கங்கள் இங்கே இருக்கின்றன, மருத்துவமனைகள் எங்கே என்பதே அவர்கள் எழுப்பிய முதன்மை முழக்கம். அக்டோபர் 1 இரவு, அகாதிர் அருகேயுள்ள லக்லியா என்ற ஊரில் பாதுகாப்புப் படையினர் சுட்டதில் மூவர் உயிரிழந்தனர். படைநிலையத்தைத் தாக்கி ஆயுதங்களைக் கைப்பற்ற முயன்றதால் சுட நேர்ந்ததாக அதிகாரிகள் தெரிவித்தனர்.

போராட்டத்தின் பின்னணி புதிதன்று. மொராக்கோவில் பத்தாயிரம் பேருக்கு எட்டு மருத்துவர்கள்கூட இல்லை. 15 முதல் 24 வயதுக்குட்பட்டோரில் வேலையின்மை சுமார் 36 விழுக்காடு. 2023 செப்டம்பர் 8 அன்று ஏற்பட்ட நிலநடுக்கத்தில் அட்லஸ் மலைப்பகுதியில் ஏறக்குறைய 3,000 பேர் மாண்டனர். உலகக் கோப்பை வாய்ப்பு கிடைத்த செய்தி அதற்கு 26 நாட்களுக்குப் பின் வந்தது. வீடிழந்தவர்களில் பலர் அதன் பின் ஓராண்டுக்கும் மேலாகக் கூடாரங்களில் தங்கியிருந்தனர். கூடார வடிவில் எழும் அரங்கத்தை அம்மலைக்கிராமத்தார் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று.

2025 அக்டோபரில் நடைபெற்ற அமைச்சரவைக் கூட்டத்தில், அடுத்த ஆண்டுக்கான நிதிநிலை அறிக்கையில் சுகாதாரத்துக்கும் கல்விக்கும் சேர்த்து 14,000 கோடி திர்ஹாம் ஒதுக்கவும் இவ்விரு துறைகளில் 27,000-க்கும் அதிகமான பணியிடங்களை உருவாக்கவும் முடிவு செய்யப்பட்டது. அந்நாளிலேயே, சிலியில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அர்ஜென்டினாவை 2-0 என வென்று மொராக்கோ கோப்பையைக் கைப்பற்றியது.

புதிய அரங்கத்தின் செலவைப்போல 28 மடங்கு தொகை ஓராண்டில் மருத்துவத்துக்கும் கல்விக்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆகவே, அரங்கத்தைக் கைவிட்டால் மருத்துவமனைகள் சீரடைந்துவிடும் என்ற வாதம் கணக்களவில் நிற்காது. ஆயினும் இளைஞர்களின் கேள்வி தொகையைப் பற்றியது மட்டுமன்று. தலைநகரில் 68,700 இருக்கைகள் கொண்ட அரங்கத்தை இரண்டு ஆண்டுகளில் எழுப்ப முடிந்த ஒரு நிர்வாகத்தால், மாவட்ட மருத்துவமனைக்கு மருத்துவரையும் கருவியையும் ஏன் அதே வேகத்தில் அனுப்ப முடியவில்லை என்பதே அவர்கள் கேட்டது. அரங்கப் பணி தாமதமானால் உலகமே பார்க்கும். ஃபிஃபாவின் ஆய்வுக்குழு வந்து கணக்குக் கேட்கும். மகப்பேறு வார்டுக்கு அப்படிக் கெடு விதிப்பவர் எவரும் இல்லை. நாட்டில் இரு வேகங்களில் வளர்ச்சி நிகழ இடமில்லை என்று மன்னரே 2025 ஜூலை மாத உரையில் கூறியிருந்தார். போராட்டம் வெடித்தது அதற்கு இரண்டு மாதங்களுக்குப் பின்.

தொடர் முடிந்த பின்

உலகக் கோப்பைக்கென எழுப்பப்பட்ட அரங்கங்கள் அதன் பிறகு வெறுமையில் ஆழ்வது பலமுறை நிகழ்ந்துள்ளது. 2014 தொடருக்காக அமேசான் காட்டு நடுவே மனாஸ் நகரில் 44,000 இருக்கைகளுடன் கட்டப்பட்ட அரங்கத்தை நிரப்பும் அளவுக்கு உள்ளூரில் பெரிய அணி ஏதும் இல்லை. 2010-இல் கேப்டவுனில் எழுந்த அரங்கத்தின் பராமரிப்புச் செலவு பல ஆண்டுகள் அந்நகராட்சிக்குச் சுமையாக இருந்தது.

காசாபிளாங்காவின் நிலை அவற்றிலிருந்து மாறுபட்டது. ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய ரசிகர் படைகளைக் கொண்ட ராஜா, வைதாத் ஆகிய இரு கழகங்கள் இந்நகரத்தில் உள்ளன. இரண்டும் பகிர்ந்துகொள்ளும் ஐந்தாம் முகமது அரங்கம் 1955-இல் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு சுமார் 45,000. இரு அணிகளும் மோதும் நாளில் அந்த மாடங்கள் காணும் ஆரவாரம் உலகப் புகழ் பெற்றது. வேலையின்மையையும் ஊழலையும் பாடும் ரசிகர் பாடல்கள் அரபு நாடுகள் பலவற்றுக்கும் பரவியது இங்கிருந்தே. தெருவில் 2025-இல் கேட்ட குரலின் முன்னொலியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே இம்மாடங்களில் கேட்டிருக்கலாம்.

புதிய அரங்கம் இவ்விரு கழகங்களின் உள்ளூர் ஆட்டங்களுக்கும் பயன்படும் என்பது திட்டம். எனினும் ஆண்டில் ஓரிரு ஆட்டங்களைத் தவிர மற்றவற்றுக்கு 1,15,000 இருக்கைகள் நிரம்புவது அரிது. நகரின் நடுவே நடந்து செல்லும் தொலைவில் அரங்கம் இருந்து பழகிய ரசிகர்கள், சாதாரண வார இறுதி ஆட்டத்துக்கு 38 கிலோமீட்டர் பயணம் செய்வார்களா என்பதும் இனிமேல்தான் தெரியவரும். பயணக் கட்டணமும் கடைசி ரயிலின் நேரமும் இதில் கட்டடக்கலையைவிட முக்கியப் பங்கு வகிக்கும்.

மொராக்கோவின் உடனடிக் கவனம் வேறொன்றில் உள்ளது. 2030 உலகக் கோப்பையின் இறுதிப் போட்டியைப் புதிய அரங்கத்தில் நடத்த அந்நாடு விரும்புகிறது. இறுதிப் போட்டிக்குக் குறைந்தது 80,000 இருக்கைகள் தேவை என்பது ஃபிஃபாவின் விதி. மாட்ரிட்டின் சாண்டியாகோ பெர்னபியூவும், புதுப்பிப்புக்குப் பின் சுமார் 1,05,000 பேரைக் கொள்ளவிருக்கும் பார்சிலோனாவின் கேம்ப் நூவும் இதற்குப் போட்டியாக உள்ளன. இறுதிப் போட்டி தங்கள் நாட்டில்தான் நடைபெறும் என்று ஸ்பெயின் கால்பந்து சம்மேளனத் தலைவர் ரஃபேல் லூசான் கூறியுள்ளார். இடத்தை முடிவு செய்யும் அதிகாரம் ஃபிஃபாவிடம் உள்ளது.

உலகக் கோப்பையின் நூற்றாண்டை முன்னிட்டு உருகுவே, அர்ஜென்டினா, பராகுவே ஆகிய நாடுகளில் தலா ஓர் ஆட்டத்துடன் 2030 ஜூன் 8 அன்று தொடர் தொடங்குகிறது. அதன் பின் ஆட்டங்கள் மூன்று முதன்மை நாடுகளுக்கு நகரும். விண்ணப்பத்தில் குறிப்பிடப்பட்டபடி இறுதிப் போட்டி ஜூலை 21 அன்று நடைபெறும்.